வாப்பாவின் கிணற்றை நான் மூடினேன்

என் மகள் ஹனாவின் கண்கள் திறந்திருந்தன. ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை. ஓட்டோவின் பின் சீட்டில் அவளை மடியில் போட்டுக்கொண்டு, "மகள், மகள்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். காலையில் நான் சீவிக் கட்டிவிட்ட தலைமுடி கலையாமல் இருந்தது. முகம் மட்டும் வேறொரு பிள்ளையின் முகமாகிவிட்டது. கண்கள் குழிக்குள் போயிருந்தன. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் அந்த மடிப்பு அப்படியே நின்றது. அழுவதற்கு வாயைத் திறந்தாள். கண்ணீர் வரவில்லை. சத்தமும் வரவில்லை.

சகோதரிகளே, அன்று நான் அல்லாஹ்விடம் கேட்டதையும் அவன் தந்ததையும் உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று நீண்ட நாளாக மனதில் வைத்திருந்தேன். மேடையில் பேசுகிறவர்களைப்போலப் பேச எனக்குத் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் பெயர் ரிஸ்வானா. மருதமுனையின் வடக்கு ஓரத்தில், பெரியநீலாவணைக்குக் கிட்ட எங்கள் வீடு. கணவர் நஸார் ஓட்டோ ஓட்டுகிறார். கல்யாணம் முடித்துப் பல வருடங்கள் கழித்து அல்லாஹ் எங்களுக்குத் தந்த ஒரே பிள்ளை ஹனா. அப்போது அவள் பாலர் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

எங்கள் ஒழுங்கை ஒடுக்கமான ஒரு தெரு. அதன் முடிவில் ஒரு கிணறு இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு இந்தப் பக்கத்துக் கிணறுகளெல்லாம் உப்பாகிக் கிடந்தபோது, என் வாப்பா தன் வளவுக்குள் இடம் பார்த்து வெட்டிய கிணறு அது. அதில் நல்ல தண்ணீர் கண்டது. வாப்பா அந்தத் துண்டு நிலத்துக்கு வேலி அடைக்கவில்லை. யாரும் வந்து அள்ளட்டும் என்று ஸதக்காவாக, தர்மமாக விட்டுவிட்டார். பிறகு குழாய்த் தண்ணீர் வந்தும், குடிப்பதற்கு மட்டும் வாப்பாவின் கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும் என்று வருகிறவர்கள் இருந்தார்கள். வாப்பா மௌத்தான பிறகு, அந்தக் கிணற்றில் யாராவது வாளி போடும் சத்தம் கேட்டாலே, அவருடைய கபுறுக்கு ஒரு நன்மை போகிறது என்று எனக்கு மனம் குளிரும்.

அந்த வருட மாரி மிகக் கடுமையாக இருந்தது. மேற்கே வயல் வட்டையெல்லாம் ஒரே கடல். கடலுக்கு முகத்துவாரம் வெட்டிவிடும் வரைக்கும் தண்ணீர் வடிய வழியில்லாமல் ஒழுங்கைகளுக்குள் நின்றது. மலசலகூடக் குழிகள் நிரம்பி வெள்ளத்தோடு கலந்தன. பெரிய குழாய் எங்கோ உடைந்துவிட்டதாகச் சொன்னார்கள். பைப்பில் காற்று மட்டும்தான் வந்தது. எங்கள் ஒழுங்கைக்காரர்கள் மட்டுமல்ல, பெரியநீலாவணையிலிருந்தும் சனம் குடத்தோடு வாப்பாவின் கிணற்றுக்கு வந்தது. வெள்ளம் வடிந்தபோது கிணற்றுத் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

ஒருநாள் காலையில், தலை சீவிக் கட்டிவிட்ட கையோடு, ஹனாவுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. மாரி காலத்தில் பிள்ளைகளுக்கு வருவதுதானே என்று ஜீவனி உப்புத் தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். கொடுத்ததெல்லாம் வாந்தியாக வந்தது. கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து போனது மலமாகவே இல்லை. அரிசி கழுவிய தண்ணீர்போலப் போனது. வயிற்றுவலி என்றும் அவள் சொல்லவில்லை. காய்ச்சலும் இல்லை. தண்ணீர் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. ஒரு சின்ன உடம்புக்குள் இவ்வளவு தண்ணீர் இருந்ததா என்று எனக்குப் பயம் பிடித்தது. பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் அவள் துணிபோல மடியில் கிடந்தாள்.

கல்முனை ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவை விட்டோம். பாதையில் ஒரு பள்ளத்தில் இன்னும் வெள்ளம் நின்றது. நடுவில் ஓட்டோ நின்றுவிட்டது. நஸார் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளினார். எனக்கு அந்த நேரம் பொறுக்கவில்லை.

"நீங்க தள்ளிட்டு வாங்க. நான் நடக்கன்" என்று பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

"புள்ளயோட விழுந்திருவாய் ரிஸ்வானா!"

"விழமாட்டன்."

முழங்கால் தண்ணீரில் அந்தப் பக்கம் ஏறினேன். அங்கே நின்ற ஒரு வேன்காரர் கேட்காமலே கதவைத் திறந்தார்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பார்த்ததும் எல்லோரும் ஓடினார்கள். காரைதீவைச் சேர்ந்த ஒரு பெண் டொக்டர் அன்று வார்டில் இருந்தார். வயது குறைந்தவர். ஹனாவின் கையில் ஊசி ஏற்றப் பார்த்தார். நரம்பு கிடைக்கவில்லை. மற்றக் கை. கிடைக்கவில்லை. பாதம். தலை. நர்ஸும் பார்த்தார். பிள்ளையின் உடம்பில் தண்ணீர் வற்றி, நரம்பெல்லாம் ஒட்டிப்போயிருந்தது. குத்தும்போது ஹனா அழவில்லை. அதுதான் என்னை உடைத்தது. ஊசி என்றால் ஊரைக் கூட்டுகிற பிள்ளை அவள்.

நான் சுவரோடு சாய்ந்து நின்றேன். எனக்குப் பாடமான துஆக்கள் எவ்வளவோ உண்டு. ஒன்றும் வாய்க்கு வரவில்லை. "யா ஷாஃபீ", குணம் தருகிறவனே, என்று மட்டும் வந்தது. பிறகு என் சொந்தப் பேச்சில் கேட்டேன். "யா அல்லாஹ், எல்லா வழியும் அடைஞ்சி கிடக்கு. உனக்கு அடைஞ்ச வழி இல்ல. எங்கயாவது ஒரு வழிய உடு."

டொக்டர் என்னிடம் திரும்பினார்.

"அம்மா, நரம்பு ஒண்டும் பிடிபடுதில்ல. கால் எலும்புக்குள்ளால ஊசி போடப்போறன். பார்க்கப் பயமா இருக்கும். ஆனா தண்ணி உடன ஏறும்."

"எலும்புக்குள்ளயா டொக்டர்?"

"ஓம். இனி நேரம் இல்ல. நீங்க வெளிய நிண்டா நல்லம்."

"நான் போகல்ல. கால நான் புடிக்கன். நீங்க போடுங்க."

முழங்காலுக்குக் கீழே, என் இரண்டு கைகளுக்கும் நடுவில், அந்த ஊசி எலும்புக்குள் இறங்கியது. நான் கண்ணை மூடவில்லை. "பிஸ்மில்லாஹ்" என்று சத்தமாகச் சொன்னேன். டொக்டர் சேலைனைக் கையாலேயே தள்ளித் தள்ளி ஏற்றினார். ஒரு போத்தல் போனது. அடுத்தது மாட்டினார்கள். அதுவும் பாதி இறங்கியபோது ஹனாவின் உதடு அசைந்தது. ஊசி போட்ட காலை இழுக்கப் பார்த்தாள். பிறகு வீறிட்டு அழுதாள்.

என் வாழ்க்கையில் ஒரு பிள்ளையின் அழுகைக்கு நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஷுக்ரு செய்தது அப்போதுதான்.

ஆனால் அதோடு முடியவில்லை. மருந்து கொடுத்தும் வயிற்றோட்டம் நிற்கவில்லை. ஏற்றுகிற தண்ணீர் அந்தப் பக்கத்தால் போய்க்கொண்டே இருந்தது. இது கொலரா என்று சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரைப் பழைய ஆட்களின் கதையில் மட்டும்தான் நாங்கள் கேட்டிருந்தோம். அடுத்தடுத்து வேறு பிள்ளைகளும் வரத் தொடங்கியதால் எங்களைத் தனி அறைக்கு மாற்றினார்கள்.

பக்கத்துக் கட்டிலில் கேதுஷன் என்று ஒரு பையன். ஹனாவின் வயதுதான். அவனுடைய தாய் யோகமலர், பெரியநீலாவணையில் மீன்பிடிக்கிற குடும்பம். முதல்நாள் முழுக்க அவள் தன் பிள்ளையைப் பார்த்தாள். நான் என் பிள்ளையைப் பார்த்தேன்.

மறுநாள் டொக்டர் வந்து எங்கள் இருவருக்கும் விளங்கப்படுத்தினார்.

"இது பழைய கொலராக் கிருமிதான். ஆனா உரு மாறிப் புதுசா வந்திருக்கிற வகை. கூடுதலா நஞ்சு கக்குது, சின்னப் புள்ளைகளக் கெதியா விழுத்துது. நாங்க முதல்ல குடுத்த மருந்துக்கு இது அடங்கல்ல. அனுப்பின சாம்பிள்ட முடிவு இப்பதான் வந்திச்சு. வேற மருந்து மாத்துறம்."

"அதுக்கு அடங்குமா டொக்டர்?" என்று யோகமலர் கேட்டாள்.

"அடங்கும் எண்டுதான் சோதனையில காட்டுது. ஆனா மருந்த விடத் தண்ணிதான் பெருசு. வெளிய போறதுக்கு மேலால உள்ள போகணும். சேலைன் நாங்க ஏத்துறம். ஜீவனிய நீங்க குடுக்கணும். கரண்டி கரண்டியா. சத்தி எடுத்தாலும் கொஞ்சம் பொறுத்திட்டுத் திரும்பக் குடுங்க. விடாதீங்க."

அன்று நான் கரண்டியைக் கையில் எடுத்தேன். ஒரு கரண்டி. விழுங்கினாள். இன்னொன்று. வாந்தி. முகத்தைத் துடைத்து, என் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி ஒரு கரண்டி. "வேணா உம்மா" என்று வாயை இறுக்கினாள். நான் விடவில்லை. எனக்கு அன்னை ஹாஜராவின் நினைவு வந்தது. தாகத்தில் துடித்த பிள்ளைக்காக அவர் துஆ கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஸஃபா மலைக்கும் மர்வா மலைக்கும் தண்ணீர் தேடி ஓடினார். எனக்கு ஓடுவதற்கு மலை இல்லை. அந்தக் கோப்பையிலிருந்து இந்த வாய்வரைதான் என் ஓட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. என் உடுப்பெல்லாம் பிள்ளையின் கழிவு. அதோடு எப்படித் தொழுவது? மாற்றுடுப்புக் கொண்டுவர நஸார் வீட்டுக்குப் போயிருந்தார். நான் உடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பதை யோகமலர் கண்டாள். கட்டிலுக்குக் கீழேயிருந்த பையைத் திறந்து ஒரு சேலையை எடுத்து நீட்டினாள்.

"தோய்ச்ச சாறி அக்கா. இத உடுத்திட்டுப் போய்த் தொழுங்க. புள்ளய நான் பாக்கன்."

அவளுடைய சேலையைச் சுற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரியின் ஒரு மூலையில் தொழுதேன். ஸுஜூதில் நெற்றியை வைத்தபோதுதான் அடக்கி வைத்திருந்த அழுகை வந்தது. "யா ரப்பே, இவள எனக்குத் திருப்பித் தா. யோகமலர்ட மகனையும் அவளுக்குத் திருப்பிக் குடு. அதுக்குப் பிறகு நீ என்ன வேலைய என்ட கையில தந்தாலும் நான் பின்வாங்கமாட்டன்." எழும்பி வந்தபோது, ஹனாவின் கரண்டி யோகமலரின் கையில் இருந்தது. ஹனா விழுங்கிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு மாறி மாறிப் பார்த்தோம். அவள் தூங்கினால் கேதுஷனுக்கும் நான் கொடுத்தேன். அவள் தன் தெய்வத்தைக் கூப்பிட்டாள். நான் என் ரப்பைக் கூப்பிட்டேன்.

புதிய மருந்து போய்ச் சேர்ந்த அடுத்த நாள் காலையில் ஹனா படுக்கையை நனைத்தாள். கையை வைத்துப் பார்த்தேன். சிறுநீர். அவ்வளவு நேரமாக வராமல் இருந்த சிறுநீர். "டொக்டர்! மூத்திரம் பெய்ஞ்சிட்டா!" என்று நான் கத்தியது கடைசி அறைவரைக்கும் கேட்டிருக்கும். டொக்டர் ஓடி வந்தார். அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது. "இனிப் பயமில்ல அம்மா. கிட்னி வேலை செய்யிது" என்றார். ஈரமான விரிப்பைப் பிடித்துக்கொண்டு அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே நின்றேன். ஹனா என் கையை முகத்திலிருந்து தள்ளிவிட்டாள்.

"உம்மா, உங்கட கையில ஆஸ்பத்திரி மணக்குது."

கேதுஷனும் பின்னேரம் எழும்பி இருந்தான்.

அந்தச் சந்தோஷத்துக்குள்தான் நஸார் ஒரு செய்தியோடு வந்தார். எங்கள் ஒழுங்கையில் ஒரு கைக்குழந்தை மௌத்தாகிவிட்டது. சாதாரண வயிற்றோட்டம் என்று வீட்டிலேயே வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியில் முடிந்துவிட்டது. சகோதரிகளே, இதை நான் மறைத்துவிட்டு என் கதையை மட்டும் சொல்ல முடியாது. அந்த உம்மாவும் துஆக் கேட்டவள்தான். அவளுடைய துஆவை அல்லாஹ் கேட்கவில்லை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். அவளுக்கு அவன் என்ன வைத்திருக்கிறான் என்பது அவனுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அடுத்த ஜனாஸா எங்கள் ஒழுங்கையிலிருந்து போகக்கூடாது.

அன்று சுகாதாரப் பரிசோதகர் வார்டுக்கு வந்து, ஒவ்வொரு தாயிடமும் கேட்டார்.

"குடிக்கிற தண்ணி எங்கால எடுக்கிற நீங்க?"

"எங்கட வாப்பா வெட்டின கிணறு. ஒழுங்கை முடிவுல இரிக்கி" என்றேன்.

பக்கத்துக் கட்டிலிலிருந்து யோகமலர் சொன்னாள். "வெள்ளத்துக்கு நாங்களும் அந்தக் கிணத்துலதான் ஐயா எடுத்த."

அவர் எழுதுவதை நிறுத்தினார். கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு எடுத்துப் போனார்கள். முடிவு வந்தபோது நான் பயந்ததுதான். வெள்ளத்தில் குழிகளின் அழுக்குக் கிணற்றுக்குள் போயிருந்தது. கிருமி அதற்குள் இருந்தது.

யோகமலரிடம் நானே சொன்னேன். அவளுடைய முகத்தைப் பார்க்க முடியாமல் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவள் மற்றக் கையால் கேதுஷனின் போர்வையை இழுத்துவிட்டாள்.

"உங்கட வாப்பா தாகத்துக்குத் தண்ணி தந்தவர் அக்கா" என்றாள் பிறகு. "வருத்தத்த வெள்ளம்தான் கொண்டுவந்த. அவர நினைச்சி அழாதீங்க. அந்தக் கிணத்த மூடுங்க."

ஹனாவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே, கிணற்றுக் கயிற்றையும் வாளியையும் கழற்றினேன். நஸார் பலகை போட்டு, மேலே தகரம் வைத்துக் கட்டினார். அப்போது என் மூத்த சகோதரர் ஜௌபர் காக்கா வேகமாக வந்தார். வாப்பாவின் இடத்தில் இருந்து எனக்குக் கல்யாணம் செய்துவைத்தவர் அவர். அவருக்கு எதிராக நான் அதுவரைக்கும் ஒரு வார்த்தை கதைத்தது கிடையாது.

"என்ன வேல இது தங்கச்சி? கழட்டு அந்தத் தகரத்த."

"கிணத்துல கிருமி இரிக்கி காக்கா. சோதிச்சிப் பாத்துச் சென்னவங்க."

"சோதன! இத்தன வருஷம் இந்தத் தண்ணியக் குடிச்சிட்டுத்தானே இரிந்தம்? வாப்பா கபுறுல கிடக்கார். அவருக்குப் போற நன்மைய நீ நிப்பாட்டப் போறியா?"

ஒழுங்கைக்காரர்கள் கூடிவிட்டார்கள். சிலர் தலையை ஆட்டினார்கள். பைப் தண்ணீர் இன்னும் ஒழுங்காக வரவில்லை. அவர்களுக்கும் தண்ணீர் வேண்டும். ஸுஜூதில் நான் சொன்ன வார்த்தை மனதில் வந்தது.

கழற்றிய வாளியின் அடியில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சியிருந்தது. வீட்டுக்குள் போய்க் கண்ணாடி கிளாஸ் ஒன்றைக் கொண்டுவந்து அதில் ஊற்றி, காக்காவிடம் நீட்டினேன். தூசு துரும்பு இல்லாத தண்ணீர்.

"இதக் கொண்டுபோய் உங்கட சின்ன மகனுக்குக் குடுங்க காக்கா. இப்ப, எல்லாருக்கும் முன்னால குடுங்க. குடுத்தா என்ட கையாலேயே தகரத்தக் கழட்டுறன்."

காக்கா கிளாஸை வாங்கினார். அவருடைய சின்ன மகன் வேலிப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். காக்கா அவனைப் பார்த்தார். கிளாஸைப் பார்த்தார்.

"வாப்பாட நன்மைக்கு எனக்கும் ஆசைதான்" என்றேன். "ஆனா இன்னொரு புள்ள மௌத்தானா, அதப் பாக்க வாப்பா சம்மதிப்பாரா? அவர் உசிரோட இரிந்தா இந்தக் கிணத்த ஆரு முதல்ல மூடுவா?"

காக்கா கிளாஸிலிருந்த தண்ணீரை மண்ணில் ஊற்றினார். பிறகு வந்து, நஸார் கட்டிய கயிற்றில் இன்னொரு முடிச்சைப் போட்டார்.

"மறுகா சனத்துக்குத் தண்ணிக்கு என்ன செய்யிற?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"அத நீங்கதான் பாக்கணும் காக்கா."

அவர் பார்த்தார். அன்று பின்னேரமே மாநகர சபைக்குப் போய் நின்று, குளோரின் போட்ட தண்ணீர் பவுசர் லொறியை எங்கள் ஒழுங்கைக்கு வரவைத்தார். அடுத்த ஜும்ஆவில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும்படியும், வயிற்றோட்டம் வந்த பிள்ளையை வீட்டில் வைத்திருக்கவேண்டாம் என்றும் பள்ளிவாசலில் அறிவித்தார்கள். அப்படி அறிவிக்கச் சொல்லிக் கேட்டுப் போனவரும் அவர்தான். நான் வீடு வீடாகப் போனேன். எங்கள் ஒழுங்கை முடிந்ததும் யோகமலர் வந்து என்னைத் தன் ஊருக்குக் கூட்டிப்போனாள். சில வீடுகளில் சிரித்தார்கள். ஒரு வீட்டில், "இவ எப்ப டொக்டராகினவ?" என்று என் காது கேட்கவே சொன்னார்கள். அடுத்த நாளும் அந்த வீட்டுக்குப் போனேன். அதற்கடுத்த நாள் அவர்களுடைய அடுப்பில் பெரிய பானை கொதித்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகும் சில பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எல்லோரும் நடந்து வீட்டுக்கு வந்தார்கள். அல்லாஹ்வின் அருள், எங்கள் ஒழுங்கையிலிருந்து வேறு ஜனாஸா போகவில்லை.

வெயில் காலம் வந்ததும் காக்கா கிணற்றை இறைத்து, சேறெடுத்து, சுற்றுச் சுவரை உயர்த்திக் கட்டினார். கிணற்றுக்குக் கிட்ட இருந்த மலசலகூடக் குழிகளை மூடி, தூரத்தில் புதிதாகக் கட்ட எல்லோரையும் சம்மதிக்க வைத்தார். இப்போது கிணற்றோடு அந்த இடத்தில் குழாய் நீர்த் தாங்கி ஒன்றும் இருக்கிறது. வேலி இன்னும் இல்லை. யாரும் வந்து பிடிக்கலாம். வாப்பாவின் நன்மை நின்றுவிடவில்லை என்று காக்காவே இப்போது மற்றவர்களுக்குச் சொல்கிறார்.

என்னைக் கேட்டால், நான் முந்திய ரிஸ்வானா இல்லை. முந்தி துஆ என்றால் கேட்டுவிட்டுக் காத்திருப்பது என்று நினைத்திருந்தேன். இப்போது கேட்டு முடிந்ததும் என் கால் தானாக எழும்புகிறது. அல்லாஹ் எனக்குத் தந்த பதில் வானத்திலிருந்து இறங்கி வரவில்லை. கதவைத் திறந்த ஒரு வேன்காரராக, எலும்பில் ஊசி போடத் துணிந்த ஒரு டொக்டராக, சேலை தந்த யோகமலராக வந்தது. அவர்களையெல்லாம் எனக்காக அந்தந்த இடத்தில் நிறுத்தி வைத்தவன் அவனே. ஹனா இந்த வருடம் முதலாம் வகுப்புக்குப் போகிறாள். முழங்காலுக்குக் கீழே சின்ன ஒரு தழும்பு இருக்கிறது. அவளுக்கு அது எப்படி வந்தது என்று ஞாபகம் இல்லை. எனக்கு இருக்கிறது, குளிக்க வார்க்கும்போதெல்லாம் அதைத் தொட்டு ஷுக்ரு செய்கிறேன்.

உங்களில் யாருடைய பிள்ளையாவது நாளை இப்படிச் சுருண்டு விழலாம். அல்லாஹ் காப்பாற்றட்டும். அப்படி ஒரு நேரம் வந்தால், அவனிடம் கேளுங்கள், உங்களுக்கு வருகிற பாஷையில் கேளுங்கள். கேட்டுக்கொண்டே பிள்ளையைத் தூக்குங்கள். யார் என்ன சொன்னாலும் நிற்காதீர்கள். நீங்கள் வாசலைத் தாண்டும் முன்பே அவன் உங்களுக்காக யாரையாவது பாதையில் நிறுத்தியிருப்பான்.